நட்சத்திர பங்களாவும் காழ்ச்ச பங்களாவும்

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. இங்கே எடின்பரோவில் பல்கலைக்கழக வளாகத்தில் குடும்பங்களுக்கான அறிவியல் ஓப்பன் டே. அனுமதி இலவசம், யார் வேண்டுமானாலும் வரலாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு மேசையில் வாழைப்பழத்தை நசுக்கி டிஎன்ஏ பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மேசையில் திரவ நைட்ரஜனில் ரோஜாப்பூவை முக்கி எடுத்துக் கண்ணாடி மாதிரி உடைத்தார்கள். கூட்டம் எல்லாம் அங்கேதான்.

என் மகள் போய் நின்றது கூட்டமே இல்லாத ஒரு மூலை மேசை. அங்கே ஒரு காந்த ஊசி. சாதாரணத் திசைகாட்டி மாதிரிப் படுக்கையாகச் சுற்றாமல், தராசு முள் மாதிரி மேலும் கீழுமாக ஆடுகிற ஊசி. விட்டவுடன் வடமுனை தரையைப் பார்த்துக் குத்தி நின்றுவிட்டது. ஏறக்குறைய 70 டிகிரி சரிவு. "பூமியின் காந்தப்புலம் இந்த இடத்தில் இவ்வளவு செங்குத்தாக உள்ளே இறங்குகிறது" என்று ஒரு மாணவர் விளக்கினார்.

"நம்ம ஊர்லயும் இப்பிடித்தான் நிக்குமாப்பா?" என்றாள் மகள்.

"இல்ல மக்ளே, திருவனந்தபுரத்துல இது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். காந்த நடுக்கோடு அது பக்கத்துல போவுது."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்த மாணவர் ஆர்வமாகக் கேட்டார். "உங்க பல்கலைக்கழகத்துல படிச்ச ஒருத்தர்தான் அங்க வந்து 13 வருஷம் உட்கார்ந்து அளந்தார்" என்றேன். அவர் பெயர் ஜான் ஆலன் புரூன். மாணவர் கேள்விப்பட்டதில்லை. அதில் தப்பில்லை, நம்மூரிலும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் புரூனுக்கு முன்னால் எங்கள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டும் ஒரே கதைதான்.

நான் நாகர்கோவில்காரன். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் நாஞ்சில் நாடு திருவனந்தபுரத்தோடுதான் இருந்தது, அப்புறம்தான் தமிழ்நாடு. கோடு மாறினாலும் எங்கள் ஆட்களின் பிழைப்பு மாறவில்லை. அப்பா திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். கோடை லீவில் நான் பஸ் ஏறி அவரிடம் போய்ச் சில நாள் இருப்பேன். களியக்காவிளை தாண்டினதும் பஸ்ஸில் பேச்சு மலையாளத்துக்கு மாறும். எனக்கு அதுவே வெளிநாட்டுப் பயணம் மாதிரி.

1985 மே மாதம். ஒருநாள் கடை சீக்கிரம் அடைத்தார்கள். "வா மக்கா, அப்சர்வேட்டரியில தொலைநோக்கி காட்டுகாவளாம், காசு கேக்கமாட்டாவ" என்று கூட்டிப்போனார். பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள குன்று. பழைய ஆட்கள் அதை நட்சத்திர பங்களா என்பார்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் இடம். மேலே ஏறினால் நகரத்துத் தென்னை மரங்களெல்லாம் காலுக்குக் கீழே. பத்துப் பதினைந்து பேர் வரிசை. என் முறை வந்தபோது கண்ணை வைத்தேன். சனி. வளையத்தோடு, ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தெளிவாக. படம் ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று குழாயின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். :-)

அப்பா வரிசையில் நிற்கவில்லை. வாசலுக்கு வெளியே, படி ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

தொலைநோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து, "சேட்டன் நோக்கியில்லல்லோ, வரூ" என்றார்.

"வேண்டாம் சார், பையன் பாத்தா போரும். நமக்கு எதுக்கு" என்றார் அப்பா.

அந்த "நமக்கு எதுக்கு" என்ற சொல் நாற்பது வருடமாக எனக்குள்ளே கிடக்கிறது. இலவசம். கதவு திறந்திருக்கிறது. கூப்பிடவும் செய்கிறார்கள். அப்புறமும் ஒரு மனிதர் படியோரமாக நிற்கிறார் என்றால், அந்தப் படிக்கு ஒரு வரலாறு இருக்கவேண்டும் இல்லையா? அதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

--

முதலில் குன்று. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அப்போது மிளகு வியாபாரம் அரசின் ஏகபோகம், அதை விற்பது அவர் வேலை. பொழுதுபோக்கு வானம். சொந்தக் காசில் கருவிகள் வாங்கி ஆலப்புழையிலேயே சின்னதாக ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். இந்த விஷயம் ரெசிடெண்ட் ஃபிரேசர் மூலம் மகாராஜா சுவாதித் திருநாள் காதுக்குப் போனது. சங்கீதக்காரராக நமக்குத் தெரிந்த அதே சுவாதித் திருநாள்தான். அவருக்கு அப்போது இருபதுகளின் தொடக்க வயது. தலைநகரத்தில் முறையான வானாய்வகம் கட்டலாம் என்று உத்தரவு போட்டார். மதராஸ் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த ஹார்ஸ்லி கட்டடத்துக்கு வரைபடம் போட, 1837இல் வேலை முடிந்தது. கால்டிகாட் அதன் முதல் இயக்குநர்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பூமியின் காந்தத்தை உலகம் முழுதும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும் என்று ஒரு பெரிய முயற்சி கிளம்பியிருந்தது. கப்பலுக்குத் திசைகாட்டி உயிர், அதனால் அரசாங்கங்களும் பணம் கொடுத்தன. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நிலையம் வைத்தது. கருவி வாங்க ஐரோப்பா போயிருந்த கால்டிகாட், திருவனந்தபுரமும் இதில் சேரட்டும் என்று காந்தக் கருவிகளையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். 1841இலிருந்து இங்கேயும் காந்தம் அளக்க ஆரம்பித்தார்கள். இந்தச் செலவை ஏற்றது கம்பெனி இல்லை, திருவிதாங்கூர் கஜானா. அதாவது மிளகு பறித்தவன், நெல் அறுத்தவன் காசு.

இன்னொரு வேடிக்கை. கால்டிகாட் குன்றின் தரைக்குள் வேறு வேறு ஆழத்தில் வெப்பமானிகளைப் புதைத்து வைத்து அளந்தார். அந்தக் கணக்கை வாங்கி ஆராய்ந்தவர் எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. டி. ஃபோர்ப்ஸ். நம்மூர் செம்மண்ணின் சூடு எடின்பரோவின் அறிவியல் சங்க வெளியீட்டில் அச்சாகியிருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற ஊர்!

சுவாதித் திருநாள் 1846இல் 33 வயதில் இறந்துபோனார். கால்டிகாட் 1849இல் திருவனந்தபுரத்திலேயே இறந்தார். அதற்கப்புறம் 1852இல் வந்தவர்தான் புரூன். டம்ஃப்ரீஸ்காரர், எடின்பரோவில் படித்தவர். பிரிஸ்பேன் நகரத்துக்குப் பெயர் கொடுத்த தாமஸ் பிரிஸ்பேன் ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் மேக்கர்ஸ்டன் என்ற இடத்தில் வைத்திருந்த காந்த நிலையத்தை 1842 முதல் நடத்தியவர். வேலைப் பைத்தியம். ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை ஊசியின் அளவைக் குறிக்கவேண்டும் என்பது அவர் ஏற்பாடு. குறித்தது உள்ளூர் உதவியாளர்கள். அவரே பழக்கி எடுத்த ஆட்கள்.

அவருக்கு ஒரு சந்தேகம். இதே அளவை உயரத்தில் எடுத்தால் மாறுமா? பக்கத்தில் உயரமான மலை எது? அகத்தியமலை, 1,868 மீட்டர். பொதிகை, நமக்குத் தமிழ் கொடுத்த மலை. அதன் உச்சியில் ஒரு காந்த நிலையம் கட்டினார், 1855இல். காட்டை வெட்டி வழி போட்டு, யானையும் புலியும் திரிகிற இடத்தில் கருவிகளையும் மரத்தையும் தலைச்சுமையாக ஏற்றவேண்டும். உச்சியில் காற்றும் குளிரும் மழையும். நம்மூரில் பிறந்தவனுக்கு அந்தக் குளிர் என்றால் என்ன என்று சொல்லவேண்டியதில்லை.

இத்தனைக்கும் பலன் என்ன? பூமியின் காந்த வலிமை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஸ்காட்லாந்திலும் திருவனந்தபுரத்திலும் ஒரே நாளில் ஒரே மாதிரி நடக்கிறது என்று புரூன் காட்டினார். அதாவது காரணம் உள்ளூர் சமாச்சாரம் இல்லை, மொத்த பூமிக்கும் பொதுவானது. சுமார் 26 நாளுக்கு ஒருமுறை அது திரும்பி வருவதையும் கண்டு, சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு அதை முடிச்சுப் போட்டார். இன்றைக்கு விண்வெளி வானிலை என்று செயற்கைக்கோள் வைத்துப் பார்க்கிற விஷயத்தின் ஒரு வேர் நம்ம பாளையம் குன்றில் இருக்கிறது. 1878இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் பதக்கம் கொடுத்தது. அடுத்த வருடம் இறந்துவிட்டார்.

1874இல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தின் தலைப்பு, 1852 முதல் 1869 வரை திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த அளவுகள் என்று சொல்கிறது. புரூன் வேலையை விட்டுப் போனது 1865இல். அப்போது மிச்ச நாலு வருடம் குறித்தது யார்? அந்த உள்ளூர் உதவியாளர்கள்தான். தலைப்பில் மகாராஜா இருக்கிறார், புரூன் இருக்கிறார். மணிக்கு மணி எழுந்து விளக்கைப் பிடித்து முள்ளைப் பார்த்தவரும், மலையில் சுமை ஏற்றினவரும் தலைப்பில் இல்லை.

--

புரூன் செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

குன்றின் மேல் இருப்பது அரசரும் அறிஞரும் பார்க்கிற வானம். சாதாரண ஜனங்கள் பார்க்க ஒன்று வேண்டும் என்ற யோசனை 1850களில் வந்தது. ரெசிடெண்ட் ஜெனரல் கல்லன் கனிமக் கற்கள் சேர்த்து வைத்திருந்தார். 1855இல் மகாராஜா உத்திரம் திருநாள் புரவலராக, கல்லன் தலைவராக, புரூன் செயலாளராக ஒரு மியூசியம் சங்கம் அமைந்தது. 1857 செப்டம்பரில் மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கற்கள், பாடம் பண்ணின உயிரினங்கள், கருவிகள், கைவினைப் பொருட்கள். ஜனங்கள் அதை காழ்ச்ச பங்களா என்று கூப்பிட்டார்கள். காழ்ச்ச என்றால் காட்சி. என்னைக் கேட்டால், திருவனந்தபுரத்தின் முதல் ஓப்பன் டே அதுதான்.

என்ன நடந்தது தெரியுமா? கூட்டம் வரவில்லை!

வெறும் மியூசியம் ஆட்களை இழுக்கவில்லை என்று கண்டு, 1859இல் அதே வளாகத்தில் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் திருவனந்தபுரத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஸூ பார்த்துவிட்டு, கால் வலித்தால் மியூசியத்துக்குள் நுழைகிறார்கள். நேப்பியர் மியூசியம் என்று நாம் படம் எடுக்கிற வண்ணக் கட்டடம் அப்புறம் வந்தது. சிசம் வடிவமைத்து 1880இல் முடிந்தது, சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பெயரில்.

கதவைத் திறந்தும் ஏன் ஜனங்கள் வரவில்லை? கல்லை யார் காசு செலவழித்து நடந்துபோய்ப் பார்ப்பார்கள், புலி என்றால் பார்ப்பார்கள் என்று சொல்லலாம். அது ஒரு பாதி. எடின்பரோவிலும் கூட்டம் நைட்ரஜன் மேசையில்தானே நின்றது!

மறுபாதியைப் பார்க்க, அந்த வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மியூசியம் சங்கம் தொடங்கிய 1855இல்தான் திருவிதாங்கூரில் அடிமை முறையை முழுதாக ஒழிக்கும் அறிவிப்பு வந்தது. அதாவது அதுவரைக்கும் மனிதரை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். மிருகக்காட்சி சாலை தொடங்கிய 1859இல்தான் எங்கள் நாடார் பெண்கள் மேல்சீலை போடலாம் என்று அரசு அறிவித்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரிப் போடக்கூடாது என்று ஒரு வால். அதற்கு முன்னால் நாஞ்சில் நாட்டிலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் எத்தனை அடி, எத்தனை வீடு எரிப்பு. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, இன்ன தூரத்துக்குள் வரக்கூடாது என்று அளந்து வைத்திருந்த நாடு அது.

அந்த நாட்டில் பொதுமக்கள் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? மியூசியம் வாசலில் யாரையும் தடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வாசலுக்கு வருவதற்கு ரோடு வேண்டுமே என்றுதான் சொல்கிறேன். 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி கட்டிப் பொதுச்சாலையில் போனது ஒரு போராட்டமாகப் பேசப்படுகிறது என்றால், அதற்கு 36 வருடம் முன்னால் காழ்ச்ச பங்களாவுக்கு யார் நடந்து போயிருக்க முடியும்? அய்யன்காளியின் சிலை இப்போது வெள்ளயம்பலம் முக்கில் நிற்கிறது. மியூசியத்திலிருந்து கனகக்குன்று வழியாக நடந்தால் கால்மணி நேரம்தான். இந்தக் கால்மணி நேர ரோட்டைத் திறக்க எத்தனை வருடம் ஆனது என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

கோயில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1937. வானாய்வகம் கட்டிச் சரியாக நூறு வருடம். அந்தப் பல்கலைக்கழகம் 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. குன்றும் அதன் கைக்கு வந்தது. ராஜாவின் பங்களா, படிக்கிற பிள்ளைகளின் பங்களா ஆனது இப்படித்தான்.

அகத்தியமலைக் கதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புரூன் கருவி வைத்த அந்த உச்சிக்குக் கேரளப் பக்கத்திலிருந்து பெண்கள் மலையேறிப் போக வழி கிடைத்தது, உயர்நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம், 2019 ஜனவரியில்தான். கதவு ஒரே நாளில் எல்லாருக்கும் திறப்பதில்லை. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வருடம்.

--

காந்த நடுக்கோட்டுக்கு வருவோம். ஊசி படுத்துக்கிடக்கிற ஊர் என்று சொன்னேனே, அதனாலேயே இன்னொரு கதவு திறந்தது, கடற்கரையில்.

காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. பலூன் அந்த உயரத்துக்குப் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ராக்கெட் விட்டுத்தான் பார்க்கவேண்டும். விக்ரம் சாராபாய் இடம் தேடிக் கடைசியில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே தும்பாவைப் பிடித்தார். அங்கே மீனவர் குடியிருப்பு, நடுவில் புனித மேரி மகதலேனா தேவாலயம். பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேராவிடம் கேட்டார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜனங்களிடம் கேட்டார். ஜனங்கள் சரி என்றார்கள். இதை நம்ம ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் பல இடத்தில் சொல்லியிருக்கிறார். தேவாலயம் அலுவலகம் ஆனது. மீனவக் குடும்பங்கள் இடம் மாறிப் போனார்கள், அவர்களுக்குப் பள்ளித்துறையில் வேறு தேவாலயம் எழும்பியது.

1963 நவம்பர் 21, சாயங்காலம். அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட், அதில் பிரான்சிலிருந்து வந்த சோடியம் ஆவிக் கருவி. மேலே போய் ஆவியை விட்டதும் அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் கோடு விரிந்தது. எங்கள் பக்கத்திலும் தெரிந்திருக்கிறது. எங்கள் பாட்டி, "வானத்துல யாரோ மஞ்சத்தண்ணி கொட்டுன மாதிரி இருந்துவு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிக்கெட் இல்லை, வாசல் இல்லை, படி இல்லை. அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அப்படி ஒரு ஓப்பன் டே அதற்கு முன்னாலும் பின்னாலும் கிடையாது.

அந்தப் பழைய தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாகக் கூட்டி வருகிறார்கள். தும்பாவில் சின்ன ரோகிணி ராக்கெட் விடும்போது பக்கத்தில் நின்று பார்க்கவும் பொதுஜனங்களை விட்டிருக்கிறார்கள். விடத்தான் வேண்டும். இடம் கொடுத்தது யார்?

இதே காலத்தில் கேரளத்தில் இன்னொரு கூட்டம் நேர்மாறான வழியில் போனது. 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். நீங்கள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்காதீர்கள், நாங்கள் தெருவுக்குப் போகிறோம் என்றார்கள். பிள்ளைகளுக்கு யுரேகா பத்திரிகை, வீதி நாடகம், பாட்டு, கிராமம் கிராமமாக அறிவியல் ஜாதா. 1996இல் அவர்களுக்கு, மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. நம் பக்கத்தில் 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வந்து, துளிர் கொண்டுவந்தது. நான் சனியின் வளையம் என்று ஒன்று உண்டு என்பதையே அந்தமாதிரி ஒரு தெரு நிகழ்ச்சியில்தான் முதலில் கேள்விப்பட்டேன். அது இல்லாவிட்டால் அப்பா கூப்பிட்டபோது குன்று ஏறியிருக்க மாட்டேன், கடையில் உட்கார்ந்து காமிக்ஸ் படித்திருப்பேன்.

ஆக, கதவு திறப்பதும் வேண்டும், தெருவுக்கு வருவதும் வேண்டும். 1857இல் இரண்டாவது இல்லை. அதனால்தான் புலி கொண்டுவர வேண்டியதாயிற்று.

--

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ராமன் விளைவின் நினைவாக 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஓப்பன் டேக்கு ஜனங்கள் திருவிழா மாதிரிப் போகிறார்கள். சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள் செப்டம்பர் 26 நிறுவன நாளை ஒட்டி மாணவர்களுக்குக் கதவு திறக்கும் வழக்கம் உண்டு. திருவனந்தபுரத்தில் பாப்பனம்கோட்டில் அப்படி ஓர் ஆய்வகம் இருக்கிறது. 2007இல் தொடங்கிய விண்வெளிக் கல்லூரி இப்போது வலியமலையில் இருக்கிறது. 2008இல் வந்த ஐசர், விதுராவில் மலையடிவாரத்தில் இருக்கிறது. புரூனின் ஆட்கள் சுமை தூக்கிக்கொண்டு போன அதே மலைத்தொடரின் அடிவாரம்.

ஆனால் ஓப்பன் டே நடத்துகிறவர்களிடமும் போகிறவர்களிடமும் ஒன்று கவனித்திருக்கிறேன். நடத்துகிறவர்கள் இதை ஒரு தர்மம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், "நாங்கள் ஜனங்களுக்குக் காட்டுகிறோம்" என்று. போகிறவர்களும் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போன மாதிரிக் கூசி நிற்கிறார்கள். இரண்டும் சரியில்லை. மிளகு விற்ற காசில் கட்டின குன்று அது. தலைச்சுமையில் ஏறின மலை அது. பூசையில் கேட்டு வாங்கின கடற்கரை அது. வருடத்துக்கு ஒரு நாள் கதவைத் திறப்பது கடனுக்கு வட்டி கட்டுகிற மாதிரி. அசல் இன்னும் பாக்கி.

அப்பா கதையை முடிக்கவில்லையே. "நமக்கு எதுக்கு" என்று நின்றவரை அந்த மனிதர் விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமுகிற அளவுக்கு நேரம்.

இறங்கி வரும்போது வெகுதூரம் பேசவே இல்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும், "மோதிரம் போட்டிருக்குலே மக்கா... நிசமாட்டே போட்டிருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏழரைச் சனின்னு சொல்லி இவ்வளவு நாளு பயந்துட்டு கிடந்தனே, பாக்க நல்லாத்தான் இருக்காரு" என்று சிரித்தார். சனிக்கிழமை எள் விளக்கு போடுவதை நிறுத்தவில்லை. அது வேறு கணக்கு.

அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. அந்தத் தொலைநோக்கிக்காரர் யார், பெயர் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. மணிக்கு மணி முள்ளைப் பார்த்துக் குறித்துவைத்த உதவியாளர்களின் வரிசையில் வந்தவர் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

எடின்பரோவில் அன்று மகள் காந்த ஊசியை விட்டு நகரவே இல்லை. நான் பையையும் கோட்டையும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தேன். அந்த மாணவர், "நீங்களும் ஒருமுறை செய்து பாருங்களேன்" என்றார். "இல்லை, அவள் பார்த்தால் போதும்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யாருடைய வாக்கியம் அது என்று புரிந்தது. மகள் அதற்குள் கையை இழுத்துவிட்டாள். ஊசியைத் தூக்கிப் படுக்கையாக நிறுத்தி விட்டேன். ஆடி ஆடி மறுபடியும் தரையைக் குத்தி நின்றது.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு சரிவு ஊசி வாங்கிக்கொண்டு போகப்போகிறேன். பாளையம் குன்றில் அது படுத்துக்கிடப்பதை மகளுக்குக் காட்டவேண்டும். உங்கள் ஊரில் பல்கலைக்கழகமோ ஆய்வகமோ கதவு திறக்கிற நாள் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும். போய், நீங்களும் வரிசையில் நில்லுங்கள். செருப்பைக் கழற்றவேண்டாம்.